கடலூரில் ஒரு கல்யாணம், திருகோணமலையில் ஒரு கல்லறை

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். கெடிலம் கடலில் சேரும் பக்கத்தில் சிதைந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அந்தக் கிரயத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் நிலம் கம்பெனிக்கு. அப்படிக் குண்டுக்கு உள்ளே அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடியும் குண்டு சாலையும் இன்றைக்கும் கடலூரில் இருக்கின்றன. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்ட பிறகு, 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடமே இதுதான்.

இந்தக் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்தவர் டைசோ சால் ஹான்காக். 1753 பிப்ரவரி 22-ஆம் தேதி கடலூரில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் சென்னையில் கப்பலிலிருந்து இறங்கியவர். பெயர் ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின், வயது 22. அவருடைய தம்பி ஜார்ஜ் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு மாணவர். ஜார்ஜ் பின்னாளில் பாதிரியாரானார், எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். அதில் ஏழாவது குழந்தை, 1775 டிசம்பர் 16-ஆம் தேதி பிறந்த பெண், ஜேன் ஆஸ்டின்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஜேன் ஆஸ்டினைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராமத்துப் பாதிரியார் வீடு, நடன விருந்து, தேநீர், மாப்பிள்ளை பார்க்கும் அம்மாக்கள் என்று ஆறு நாவல்களும் நாலைந்து மைல் சுற்றளவுக்குள் முடிந்துவிடும் என்றுதான் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர் கதை எழுதிய உலகம் அப்படி இருக்கலாம். அவர் பிறந்து வளர்ந்த குடும்பம் அப்படி இல்லை. அவருடைய வாழ்க்கை வரலாறுகளை நம் ஊரில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு இது சீக்கிரமே பிடிபடும். பக்கத்துக்குப் பக்கம் நமக்குத் தெரிந்த ஊர்கள் எட்டிப் பார்க்கின்றன. ஆங்கிலேய வாசகர் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார். நம்மால் அப்படிப் போக முடியாது.

முதலில் அத்தை. என் பார்வையில் ஜேனுடைய குடும்பத்திலேயே மிகவும் துணிச்சலான ஆள் இந்த அத்தைதான். 1730-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். மூன்று வயதுக்குள் அம்மா போய்விட்டார். ஏழு வயதில், மருத்துவரான அப்பாவும் போய்விட்டார். சித்தி இந்தப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜார்ஜுக்குப் படிப்பு கிடைத்தது. பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு? 1745-இல், 15 வயதில், ஃபிலடெல்ஃபியாவை லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பியும் ரிப்பனும் தைத்து விற்கும் ஒரு பெண்மணியிடம் ஐந்து வருடத்துக்குத் தொழில் பழகச் சேர்த்தார்கள். அதற்குக் கட்டணம் 45 பவுண்டு. அந்த வட்டாரத்துக்கு அன்று நல்ல பெயர் கிடையாது.

பழகும் காலம் முடிந்து ஓராண்டு கழித்து, இந்தியாவுக்குப் போக அனுமதி கேட்டுக் கம்பெனி இயக்குநர்களுக்கு மனுப் போட்டார். செயின்ட் டேவிட் கோட்டையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது மனுவில் சொன்ன காரணம். சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரியும். கோட்டைகளில் ஆங்கிலேய ஆண்கள் ஏராளம், ஆங்கிலேயப் பெண்கள் மிகக் குறைவு. சீர் கொண்டுவராத பெண்ணுக்கும் அங்கே மாப்பிள்ளை கிடைப்பான். 1752 ஜனவரியில் ‘பாம்பே காசில்’ என்ற கப்பலில் ஏறியவர் ஆகஸ்ட் 4-ஆம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டுவிடும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். பாவாடை நனையாமல் கரை ஏறினால் அதிர்ஷ்டம். ஆறரை மாதக் கடல் பயணத்தின் கடைசிக் கால் மைல்தான் இருப்பதிலேயே பயங்கரமானது.

வந்த ஏழாவது மாதத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. இதற்கு நான்கு நாள் முன்னால்தான் சென்னை ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் திருமணம் நடந்தது. அந்தப் பெண்ணும் முந்தைய ஆண்டுதான் கப்பலில் வந்தவர். அந்தப் பருவத்தில் சோழமண்டலக் கரையில் முகூர்த்த நாட்கள் நிறைய இருந்திருக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் படிப்பது மணவாள நகரில். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர் சாலைக்கும் பக்கத்து ஊர். விடிவதற்கு முன்பே கம்பெனிப் பஸ்ஸுக்காகக் கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் தன் கல்யாணத்துக்குத் தானே சம்பாதிக்கிறவர்கள். இந்தப் பக்கத்தில் சம்பந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை எந்தக் கம்பெனி, பர்மனென்ட்டா கான்ட்ராக்டா, சொந்த வீடா வாடகையா, பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள்? 1961-இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதை அந்த அறையில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் டார்சி முதன்முதலாக வந்து நிற்கும்போதே அவனுடைய ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்ற சேதி அறை முழுக்கப் பரவிவிடுகிறது. இன்றைய ஆங்கில வாசகருக்கு இதை விளங்கவைக்க வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் அத்தியாயம் அத்தியாயமாக மெனக்கெடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்கு ஒரு வரி போதும்.

இந்த அத்தையின் கதை ஜேனுக்கு நன்றாகத் தெரியும். 1792 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 16 வயது ஜேன் ‘கேத்தரின்’ என்றொரு கதையைத் தொடங்கினார். பாதியில் நின்றுபோன கதைதான். அதில் பெற்றோரை இழந்த ஒரு பெண்ணைச் சொந்தக்காரர்கள் செலவு செய்து வங்காளத்துக்குக் கப்பலேற்றுகிறார்கள். அங்கே தன்னைப்போல இருமடங்கு வயதுள்ள பணக்காரனுக்கு அவள் வாழ்க்கைப்படுகிறாள். கதையில் ஒருத்தி, எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்கிறாள். கதாநாயகிக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அத்தையின் கணவர் அத்தையைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர், கதைக்காகக் கூட்டியிருக்கிறார். ஆனால் கோபம் நிஜம்.

கடலூர்த் தம்பதி 1759-இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துவிட்டார். இன்று நாம் பார்க்கும் இடிபாடு அந்த வேலையின் மிச்சம். கல்கத்தாவில் 1761 டிசம்பரில் அவர்களுக்கு ஒரே மகள் எலைசா பிறந்தாள். ஞானத்தந்தை, பின்னாளில் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ். கல்யாணமாகி எட்டாண்டு கழித்துப் பிறந்த அந்தக் குழந்தை உண்மையில் ஹேஸ்டிங்ஸுடையது என்று அப்போதே வம்பு கிளம்பியது. கிளைவ் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அதை உண்மையென்றே எழுதிவைத்தார். வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் இன்றுவரை இரண்டு கட்சியாக நின்று வழக்காடுகிறார்கள். எனக்கு இந்த வழக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. இதற்குச் செலவான பக்கங்களில் பாதியையாவது கோவென்ட் கார்டன் தொப்பிக் கடைக்கும் அந்தக் கப்பலுக்கும் கொடுத்திருக்கலாம்.

வம்பைவிடப் பணம் முக்கியம். எலைசாவின் பெயரில் ஹேஸ்டிங்ஸ் முதலில் 5,000 பவுண்டு எழுதிவைத்தார், பிறகு அதை 10,000 ஆக்கினார். அந்த அறக்கட்டளையைப் பார்த்துக்கொள்ள இருவர். அவர்களில் ஒருவர் குழந்தையின் தாய்மாமன், அதாவது ஸ்டீவன்டன் கிராமத்துப் பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டின். சம்பளம் பற்றாமல் விவசாயம் பார்த்துக்கொண்டும் வீட்டிலேயே பையன்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்த மனிதர் அவர். ஹான்காக்குக்கு வியாபாரம் கைகொடுக்கவில்லை. லண்டனில் மனைவி மகளின் செலவுக்காக இரண்டாம் முறை இந்தியா வந்தவர், 1775 நவம்பரில் கல்கத்தாவிலேயே இறந்தார். அடுத்த மாதம் ஸ்டீவன்டனில் ஜேன் பிறந்தார். அத்தை கணவர் இறந்த செய்தி கப்பலேறி வந்து சேர்ந்தபோது ஜேன் தவழும் குழந்தை.

எலைசாவைப் பற்றித் தனி நாவலே எழுதலாம். பிரான்சில் ஒரு பிரபுவைக் கட்டிக்கொண்டார். 1794-இல் புரட்சிக்காரர்கள் அந்தப் பிரபுவின் தலையைக் கில்லட்டினில் வெட்டினார்கள். கல்கத்தாவில் பிறந்து பாரிஸில் ஆடிப் பாடிவிட்டு ஹாம்ப்ஷயர் கிராமத்துக்கு விருந்துக்கு வரும் அத்தை மகளைப் பார்த்து மாமன் பிள்ளைகள் எல்லாம் கிறங்கிப் போனார்கள். கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதாநாயகி வேஷம் அவருக்குத்தான். 14 வயதில் ஜேன் எழுதிய ‘லவ் அண்ட் ஃப்ரெண்ட்ஷிப்’ என்ற குறும்புக் கதை எலைசாவுக்குத்தான் காணிக்கை. கடைசியில் 1797 டிசம்பர் 31 அன்று எலைசா மணந்துகொண்டது ஜேனுடைய அண்ணன் ஹென்றியை. ஹென்றியைவிடப் பத்து வயது மூத்தவர். ஆங்கிலேய ஆசிரியர்கள் இந்த உறவை விளக்க வம்சாவளிப் படம் போடுகிறார்கள். நமக்குப் படம் வேண்டாம்: அத்தை மகள், முறைப்பெண், கட்டிக்கொண்டான். வயதைத் தவிர நம் பாட்டிகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது.

1811 ஏப்ரலில் ஜேன் தன் முதல் நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். உட்கார்ந்து திருத்திய இடம் லண்டன் ஸ்லோன் தெருவில் ஹென்றி–எலைசா வீடு. புத்தகத்தில் ஆசிரியர் பெயர் போடவில்லை, ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் போட்டிருந்தது. நஷ்டம் வந்தால் எழுதியவர் தலையில் என்பது ஒப்பந்தம். நஷ்டம் வரவில்லை, 140 பவுண்டு லாபம் வந்தது. அடுத்து வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். டார்சியின் ஆண்டு வருமானத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தை ஹென்றி ஹேஸ்டிங்ஸுக்கு அனுப்பிவைத்தார். நாடாளுமன்றத்தில் 1788 முதல் ஏழாண்டு விசாரணையில் நின்று விடுதலையான பழைய கவர்னர் ஜெனரல் படித்துவிட்டுப் பாராட்டி எழுதினார். ஜேனுக்கு அதில் ஒரே சந்தோஷம். ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் என்ன செய்தார் என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததாகத் தெரியவில்லை. நமக்கு எழும், எழ வேண்டும்.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 2000-இல் ராஜீவ் மேனன் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ எடுத்தார். நாவலில் கர்னல் பிராண்டன் இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து வந்தவர். படத்தில் மம்முட்டி, இந்திய அமைதிப் படையில் இலங்கைக்குப் போய்க் காலை இழந்து வந்த மேஜர். திரைக்கதைக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் ஆஸ்டின் குடும்பத்தில் உண்மையாகவே ஒருவர் இலங்கை மண்ணில்தான் கிடக்கிறார்.

அவர் சார்ல்ஸ், ஜேனுக்கு அடுத்துப் பிறந்த கடைக்குட்டித் தம்பி. ஜேனுடைய சகோதரர்களில் இருவர் கடற்படைக்குப் போனார்கள். மூத்தவர் ஃபிரான்சிஸ் 14 வயதில், 1788-இல், ‘பெர்செவரன்ஸ்’ என்ற கப்பலில் இந்தியக் கடலுக்குப் புறப்பட்டார். கிளம்பும்போது அப்பா ஜார்ஜ் எழுதிக் கொடுத்த நீண்ட புத்திமதிக் கடிதத்தை, பின்னால் கடற்படையின் உச்சப் பதவிக்குப் போய் 91 வயதில் இறக்கும்வரை பத்திரமாக வைத்திருந்தார். சார்ல்ஸ் 12 வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவர். 1801-இல் எதிரிக் கப்பலைப் பிடித்த பரிசுப் பணத்தில் அக்காக்கள் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் சிலுவையும் வாங்கிக்கொண்டு வந்தார். இப்படிக் கைக்காசை எல்லாம் செலவழிக்கிறானே என்று ஜேன் செல்லமாக அலுத்துக்கொண்டார். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஃபேனிக்கு மாலுமி அண்ணன் வாங்கித் தரும் சிலுவை இதிலிருந்து வந்ததுதான். நிஜச் சிலுவைகள் இரண்டையும் சாட்டன் கிராமத்தில் ஜேன் வாழ்ந்த வீட்டில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இடத்தில், பார்க்கலாம்.

ஜேன் 1817 ஜூலை 18 அன்று 41 வயதில் போய்விட்டார். சார்ல்ஸ் அதற்குப் பிறகு 35 ஆண்டு இருந்தார். 1850-இல், எழுபதைத் தாண்டிய வயதில், கிழக்கிந்திய–சீனக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமைத் தளபதி ஆனார். 1852-இல் இரண்டாம் ஆங்கிலேய–பர்மியப் போர் வந்தது. ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபடியே அக்டோபர் 7-ஆம் தேதி காலராவில் இறந்தார். வயது 73. உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேய இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். திருக்கோணேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் ஃபிரெடெரிக் கோட்டை வாசல் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். அந்தக் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இந்த இடுகாடு. அத்தை கடலூரில் கல்யாணம் செய்துகொண்டு 99 ஆண்டு கழித்து, மருமகன் திருகோணமலையில் அடங்கினார். ஜேன் ஆஸ்டின் தன் வாழ்நாளில் பிரிட்டனை விட்டு ஓரடி வெளியே வைத்ததில்லை.

இவ்வளவும் ஏன் நமக்குத் தாமதமாகத் தெரியவருகிறது? காரணம், ஜேனைப் பற்றி வந்த முதல் புத்தகம். 1869 டிசம்பரில் அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின்-லே எழுதிய நினைவுக் குறிப்பு வெளிவந்தது. விக்டோரியா காலத்துப் பாதிரியார் தன் அத்தையை எப்படிக் காட்ட ஆசைப்படுவாரோ அப்படி எழுதினார்: சம்பவம் எதுவும் இல்லாத வாழ்க்கை, வீட்டை விட்டு நகராத, யாருக்கும் தீங்கு நினைக்காத பெண். அக்கா கசாண்ட்ரா ஏற்கெனவே பெரும்பாலான கடிதங்களைக் கொளுத்திவிட்டிருந்தார். மிஞ்சியவை 160 சொச்சம். தொப்பிக் கடை, ஹேஸ்டிங்ஸ் பணம், கில்லட்டின் எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டன. இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993-இல் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கின் ஆன்டிகுவா கரும்புத் தோட்டத்தைத் தூக்கிப் பிடித்த பிறகுதான், இந்த நாவல்களுக்குப் பின்னால் அடிமை உழைப்பின் காசும் காலனிக் காசும் ஓடுவதைப் பல்கலைக்கழகங்கள் உரக்கப் பேசத் தொடங்கின. அந்தப் பேச்சிலும் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிடைத்த இடம் கடலூருக்குக் கிடைக்கவில்லை.

நாவல்களில் நம் கரை துணியாகத்தான் வருகிறது. ‘நார்த்தாங்கர் அபே’யில் கதாநாயகனே இந்திய மஸ்லின் விலையைச் சொல்லுவான். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில் லேடி பெர்ட்ராமுக்கு இந்தியாவிலிருந்து சால்வை வேண்டும். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். பழவேற்காட்டின் பெயரிலேயே கட்டம் போட்ட கைக்குட்டைகள் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கடைகளில் விற்றன. நெய்தவர்கள் யாருடைய வாழ்க்கை வரலாற்றிலும் வரவில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளேர் டோமலின் 1997-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்குங்கள்; அத்தையின் கதையை அவர் நியாயமாகச் சொல்கிறார். எலைசாவுக்கு டெய்ட்ரி லெ ஃபே எழுதிய புத்தகம் இருக்கிறது, 2002-இல் வந்தது. எலைசாவின் கடிதங்கள் அதில்தான் முழுதாகக் கிடைக்கும். சிலுவை, சால்வை போன்ற சின்னச் சின்னப் பொருட்களை வைத்தே வாழ்க்கையைச் சொல்லும் பாலா பைர்னின் புத்தகம், 2013-இல் வந்தது, ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும் மாணவர்களுக்கும் அலுக்காது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஆஸ்டின்-லே எழுதிய பழைய நினைவுக் குறிப்பையும், 1913-இல் குடும்பத்தினர் தொகுத்த வாழ்க்கையும் கடிதங்களும் அடங்கிய நூலையும் குட்டன்பர்க் தளத்தில் போனிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் படிக்கும்போது எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். திருவள்ளூரிலிருந்து சென்ட்ரல் போகிற எலெக்ட்ரிக் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு நடைக்கு ஓர் அத்தியாயம் முடியும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கலாம். ஜேன் ஆஸ்டின் பாடம் எடுக்கும் முதல் நாள் இங்கிலாந்து வரைபடத்தை மாட்டுகிறீர்கள். பக்கத்தில் தமிழ்நாடு வரைபடம் ஒன்றையும் மாட்டி, கடலூரைச் சுட்டிக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.